புதுப்பிப்பு: இறுகிய ஸ்டீயரிங்கின் காரணம் கிடைத்துவிட்டது

முன்பு கேட்டதன் சுருக்கம்: 2004ஆம் ஆண்டுக் கார், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் (பம்ப் தரும் ஆயில் அழுத்தத்தால் திருப்புவதை எளிதாக்குவது). வண்டியை நிறுத்தும்போது திருப்பினால் தோள் வலிக்கிறது; வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை. ஆயில் அளவு சரி, பெல்ட்டும் சரி. பம்பை மாற்றுங்கள் என்றார் மெக்கானிக். உங்களில் பலரும் அதையே சொன்னீர்கள்.

பம்ப் பழுதில்லை. அது பலவீனமானால் திருப்பக் கனமாக இருக்கும், ஆனால் ஓட்டத்தில் சக்கரங்கள் பெரும்பாலும் நேராகிவிடும். நேராகவில்லை என்றால் எங்கோ உராய்வு இருக்கிறது என்று பொருள்.

முன்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தினோம். எஞ்சினை அணைத்துவிட்டுத் திருப்பியபோதும் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒருமுறை பிடித்தது. ஸ்டீயரிங்கிலிருந்து கீழே வரும் தண்டான ஷாஃப்டை, சக்கரங்களைத் திருப்பும் ரேக்கிலிருந்து பிரித்ததும் சக்கரங்கள் இரு பக்கமும் லேசாகத் திரும்பின. பிரித்த ஷாஃப்டின் கீழ் யுனிவர்சல் ஜாயிண்ட்டோ (ஷாஃப்ட் வளைந்த கோணத்திலும் சுழல உதவும் மூட்டு) துருவேறி, கையால் மடக்க முடியாதபடி இறுகிக் கிடந்தது. தண்ணீர் தேங்கும் தெருக்களில் ஓடிய வண்டிக்கு இதில் வியப்பில்லை.

எண்ணெய் விட்டு இளக்கலாம் என்றார்கள். ஸ்டீயரிங் விஷயத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை; ஷாஃப்டையே மாற்றினேன். நீங்களே செய்வதானால், பிரிக்கும் முன் இரு பக்கமும் அடையாளக் கோடு போடுங்கள். ஏர்பேக் உள்ள காரில் ஸ்டீயரிங் சுழலாமல் கட்டிவையுங்கள், இல்லையெனில் உள்ளே ஏர்பேக்குக்குச் செல்லும் சுருள் கம்பி அறுந்துவிடலாம். போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

இப்போது ஒரு கையால் திருப்ப முடிகிறது. ஆயில் கறுத்திருக்கிறது, அடுத்து அதை மாற்ற வேண்டும்.