விருந்தின் நடுவே வந்த சாவுச் செய்தி: கதையில் படித்ததும் நேரில் கண்டதும்

மதுரை வாசகி:

கேத்தரின் மான்ஸ்ஃபீல்டின் ‘தோட்ட விருந்து’ சிறுகதையை நான் முதலில் படித்தது கல்லூரித் தேர்வுக்காக. 1922இல் வெளிவந்த அக்கதை, அவர் பிறந்து வளர்ந்த நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்து வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஷெரிடன் குடும்பத்துத் தோட்டத்தில் பந்தல் போடுகிறார்கள், இசைக்குழு வரவிருக்கிறது, கடையிலிருந்து கிரீம் பஃப் வந்து இறங்குகிறது. அதைக் கொண்டுவந்த ஆள்தான், சரிவுக்குக் கீழே குடிசை வரிசையில் வசித்த ஸ்காட் என்னும் வண்டிக்காரர் குதிரை மிரண்டதில் தூக்கியெறியப்பட்டு, மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் விட்டு இறந்துபோன செய்தியையும் சொல்கிறான். விருந்தை நிறுத்த வேண்டும் என்று இளைய மகள் லாரா பதறுகிறாள். தற்செயலாகத்தானே நமக்குத் தெரிந்தது, தெரியாமல் இருந்திருந்தால் விருந்து நடந்திருக்கும் அல்லவா என்கிறாள் தாய். பிறகு தன் தொப்பியை மகளின் தலையில் வைத்து, அவள் அழகை அவளுக்கே காட்டிவிடுகிறாள்.

‘வர்க்க வேறுபாடு’ என்று தலைப்பிட்டு விடை எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கு, அந்தத் தாயின் வாதம் எவ்வளவு வலிமையானது என்பது என் மகளின் முதல் பிறந்தநாள் வரை விளங்கவில்லை. மொட்டை மாடியில் விழா. மாலை நான்கு மணிக்கு, எங்கள் குடியிருப்பு வாசலில் நாள்தோறும் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர் இறந்துவிட்டார் என்றும், இருட்டுவதற்குள் உடலைப் பின் சந்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் என்றும் காவலாளி சொன்னார். நான் வளர்ந்த ஊரில் தெருவில் ஒரு சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை கோயில் நடை சாத்தியிருக்கும்; மேளம் கேட்காது. லாரா கேட்டதை அங்கே யாரும் கேட்கவே வேண்டியதில்லை, ஊரே அதைச் செய்துவிடும். அடுக்குமாடிக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை என்பதால் முடிவு என் கையில் வந்தது. “பாட்டை மட்டுமாவது நிறுத்தலாமே, அத்தை” என்றேன். “பிள்ளைக்கு முதல் பிறந்தநாள், சாவு நம்ம வீட்டிலயா விழுந்திருக்கு?” என்றார் மாமியார். பாட்டு ஓடியது. என் பட்டுப்புடவையை எல்லோரும் புகழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன்.

கதையில் விருந்து முடிந்ததும் மிஞ்சிய பண்டங்களைக் கூடையில் வைத்து லாராவை அந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் நம்மிடையே அக்கம்பக்கத்தார் உணவு கொண்டுபோவது உண்டு. ஆனால் அது அவர்களுக்கென்றே சமைத்தது; விருந்தில் மிஞ்சியதல்ல. அன்றிரவு நான் கொண்டுபோனது மிஞ்சிய பிரியாணி. உடலின் முன் நிற்கும் லாரா தன் தொப்பிக்காக மன்னிப்புக் கேட்கிறாள். நானோ அந்தப் பெண்மணி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான், தலைநிறைய மல்லிகைப் பூவோடு வந்திருக்கிறேன் என்பதை உணர்ந்தேன்.

கோவை, ஓய்வு பெற்ற நூலகர்:

மேலே சகோதரி எழுதியதைப் படித்ததும் வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’ நினைவுக்கு வந்தது. 1923 ஜூன் மாதத்தில் ஒரே நாளில் லண்டனில் நடக்கும் அந்த நாவலின் இறுதியில், கிளாரிஸாவின் விருந்துக்குத் தாமதமாக வரும் ஒரு மருத்துவரும் அவர் மனைவியும், போரால் மனம் சிதைந்த ஓர் இளைஞன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியைக் கொண்டுவருகிறார்கள். கிளாரிஸாவுக்கு முதலில் வருவது சினம்: என் விருந்தில் இவர்கள் ஏன் சாவைப் பேச வேண்டும்? இவள் எத்தகைய தன்னலக்காரி என்று இளம் வயதில் நினைத்தேன். என் பணி நிறைவு விழாவில் மாலை போட்டு உட்கார்த்தியிருந்தபோது, போட்டித் தேர்வுக்காக நாள்தோறும் சன்னலோர இருக்கையில் அமர்ந்து படித்த ஓர் இளைஞன் இறந்துபோனதை உடன் பணியாற்றியவர் காதருகே சொன்னார். அவர்மீது எனக்கு வந்ததும் சினம்தான். அவனுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அவன் கேட்கும் புத்தகங்கள் மட்டுமே தெரியும். கிளாரிஸாவும் அந்த இளைஞனைக் கண்டதே இல்லை. விருந்தினரை விட்டு அவள் ஒரு சிறு அறைக்குள் தனியே போகிறாள். எதிர்வீட்டுக் கிழவி படுக்கப்போவதைப் பார்த்து நிற்கிறாள். பிறகு விருந்துக்கே திரும்புகிறாள். நான் மாலையைக் கழற்றாமலே எழுந்துபோய் அந்தச் சன்னலோரம் சிறிது நேரம் நின்றுவிட்டு மேடைக்குத் திரும்பினேன். அவள் திரும்பி வந்ததை இப்போது நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழ்பவர்:

செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் கடைசிக் கதையில், விருந்து கலையும் நேரத்தில் ஒருவர் பாடும் பழம்பாட்டைக் கேட்டுக் கிரெட்டா படிக்கட்டில் உறைந்து நிற்கிறாள். அதைப் பாடிய, பதினேழு வயதில் இறந்துபோன ஒருவன் அவள் நெஞ்சில் எழுந்து வருகிறான். கணவனுக்கு அதுவரை அவனைப் பற்றி எதுவுமே தெரியாது. வெளியே அயர்லாந்து முழுவதும் பனி பொழிகிறது. இங்கே ஒரு பனிக்கால ஒன்றுகூடலில் மாமா பழைய பாட்டொன்றைத் தொடங்கியதும், அம்மா சமையலறை வாசலில் தட்டோடு அப்படித்தான் நின்றார். வீடு திரும்பும் வழியில் காருக்குள், நான் அதுவரை கேட்டே இராத ஒரு பெயரைச் சொன்னார். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார்.