பொருள்: ‘ஹேங்’ ஆவதற்கு ஒரு தமிழ்ச் சொல், திங்கட்கிழமைக்குள் வேண்டும்

*விழுப்புரத்திலிருந்து, வெள்ளி காலை*

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தின் கணினிப் பிரிவுக்காகப் பதினாறு பக்கக் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். பதினொன்றாம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். தானியங்கி இற்றைப்படுத்தலுக்கு, அதாவது ‘அப்டேட்’டுக்கு, பிறகு கணினி ‘ஹேங்’ ஆனால் என்ன செய்வது என்பதுதான் அந்தப் பக்கம்.

இதற்கெனத் தனிப் பக்கம் ஒதுக்கக் காரணம் உண்டு. விண்டோஸின் மாதாந்திர இற்றைகள் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று வெளியாகின்றன. அமெரிக்காவில் செவ்வாய் காலை என்றால் நமக்கு இரவு. புதன்கிழமை காலையில் நூலகர் கணினிகளைப் போட்டதும் எல்லாம் ஒன்றாக இறங்கத் தொடங்குகின்றன. சென்ற மாதம் ஒரு கணினியின் திரையில் கடிகாரம் 9.12-இல் நின்றது. வேலைவாய்ப்புப் பதிவுக்காக வந்திருந்த ஒரு பெண், வந்துவிடும் வந்துவிடும் என்று அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தபோதும் திரையில் 9.12 தான். நான் போய்ப் பார்த்தபோது அவர் சுட்டியைக்கூடத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தொட்டால் கெட்டுவிடுமோ என்று பயம். அவருக்காகத்தான் இந்தப் பக்கம்.

‘தொங்கினால்’ என்று எழுத மனம் ஒப்பவில்லை. ‘முடங்கினால்’ என்று எழுதினேன். நான்கு வரி கழித்து ‘விரைவுத் தொடக்கம் என்ற வசதியை முடக்கவும்’ என்று எழுத வேண்டி வந்தது. முடங்கினால் முடக்கு என்றால் படிப்பவர் என்ன செய்வார்? சொல் தந்து உதவுங்கள்.

*மதுரையிலிருந்து, வெள்ளி நண்பகல்*

அன்புள்ள அம்மா,

முடங்கு என்பதைக் கைவிட்டது சரியே. முடம், முடக்கு, முடங்கல் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. வளைவுதான் அடிப்படைப் பொருள். நாய் முடங்கிப் படுக்கிறது. ஓலையைச் சுருட்டினால் அது முடங்கல். சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு எழுதி அனுப்புவதும் முடங்கல்தான். நாம் இப்போது ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருப்பதும் அதுவே. வளைந்து சுருண்டதைக் குறிக்கும் சொல்லை, அசைவற்று விறைத்து நிற்பதற்கு எப்படிச் சொல்வது?

என் பரிந்துரை: இமையாமை. நளவெண்பாவில் சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நால்வர் தேவர். தமயந்தி எப்படி அறிந்தாள்? ‘கண்ணிமைத்தலால்’ என்றே புகழேந்தி தொடங்குகிறார். இமைப்பவன் மனிதன், இமையாதவர் தேவர். கணினியில் தட்டச்சு செய்யுமிடத்தில் ஒரு சிறு கோடு இமைத்துக்கொண்டே இருக்கிறதல்லவா? அது இமைக்கும்வரை கணினி நம்மோடு இருக்கிறது. இமை நின்றால் போய்விட்டது. ‘கணினி இமையாது நின்றால்’ என்று எழுதிப் பாருங்கள்; விளக்கமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

*கோயம்புத்தூரிலிருந்து, வெள்ளி மாலை*

மதுரை ஐயாவுக்கு வணக்கம். நளனை இங்கே கொண்டுவந்தது அழகு. ஆனால் கணினிகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோட்டை நம்ப முடியாது. வேறொரு சாளரத்தைச் சொடுக்கினாலே அது இமைப்பதை நிறுத்திவிடும். கணினிக்கு ஒரு குறையும் இருக்காது.

நம்பத்தக்க சோதனை கேப்ஸ் லாக் விசைதான். அதை அழுத்தும்போது விளக்கை ஏற்றச் சொல்வது இயங்குதளம். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, திரைதான் நின்றிருக்கிறது. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரையை இயக்கும் மென்பொருள் மறுபடி தொடங்கும். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். விளக்கு மாறவே இல்லை என்றால்தான் மின்பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.

என் கவலை சொல்லைப் பற்றியதைவிட எண்ணிக்கையைப் பற்றியது. ‘ஹேங்’ என்ற ஒற்றைச் சொல்லில் நாம் மூன்று நோய்களை அடைத்து வைத்திருக்கிறோம். ஒரு செயலி மட்டும் பதில் தராமல் நிற்பது ஒன்று. கணினி முழுவதும் அசைவற்றுப்போவது இன்னொன்று. நீலத்திரை காட்டி விழுந்து, தானே எழுந்து, மறுபடி விழுவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு.

2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஓர் இற்றைக் கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று எந்தக் கணினியும் ‘நிற்க’வில்லை, விழுந்து விழுந்து எழுந்தது. பலவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்கி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. மின்பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தவர்கள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

நான்காவதாக, நோயே இல்லாத ஒன்றும் உண்டு. பழைய கணினியில் இற்றை நிறுவப்படும்போது வன்வட்டு (ஹார்ட் டிஸ்க்) மூச்சுமுட்ட உழைக்கும், திரை அசையாது. வன்வட்டு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். அதை ‘ஹேங்’ என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்தினால், இற்றை பாதியில் அறுந்து, இல்லாத நோயை நாமே வரவழைத்துவிடுவோம். அம்மா, உங்கள் கையேட்டில் இதற்குத் தனிச் சொல் இல்லாவிட்டாலும் தனிப் பத்தி வேண்டும்.

*சேலத்திலிருந்து, வெள்ளி இரவு*

வணக்கம். அரசுப் பள்ளி ஆசிரியை. இன்று பிற்பகல் ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ‘கணினி உறைந்துவிட்டது’ என்று கரும்பலகையில் எழுதி, என்ன புரிகிறது என்றேன். முதல் பெஞ்சிலிருந்து வந்த பதில்: ‘தயிர் மாதிரி ஆயிடுச்சு, டீச்சர்.’ வகுப்பு முழுவதும் தலையாட்டியது.

எனக்கு அது மிகப் பிடித்துவிட்டது. இரவில் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி மூடி வைக்கிறோம். காலையில் திறந்தால் பால் கட்டியாக நிற்கிறது. இரவில் இற்றை இறங்குகிறது. காலையில் பார்த்தால் கணினி அப்படியே நிற்கிறது. உறைதல் என்பதையே வைத்துக்கொள்ளலாமே?

‘இமையாமை’யையும் எழுதிக் காட்டினேன் ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘தூக்கம் வரலையா டீச்சர்’ என்று கேட்டார்கள்.

*மதுரையிலிருந்து, சனி விடியற்காலை*

கோபம் இல்லை அம்மா. ஆனால் உறை என்ற சொல் ஏற்கெனவே பெரும் பாரம் சுமக்கிறது. தலையணை உறை, கடித உறை, வாள் உறை. ‘வானுறையும் தெய்வம்’ என்று வள்ளுவர் சொல்லும்போது வாழ்தல். கணினியில் தரவு உறைகிறது என்றால் தங்கியிருக்கிறதா, கட்டியாகிவிட்டதா? கலைச்சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்.

*சேலத்திலிருந்து, சனி காலை*

ஐயா, தொல்காப்பியர் இதைக் கிளவியாக்கத்திலேயே தீர்த்துவைத்திருக்கிறாரே. ‘வினைவேறு படூஉம் பலபொருள் ஒருசொல்’ என்று ஒரு வகை. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. சேரும் சொல் பொருளைப் பிரித்துக் காட்டிவிடும். ‘கணினி உறைந்துவிட்டது’ என்பதைப் படித்து, கணினி எங்கே குடியிருக்கிறது என்று ஒருவரும் தேடமாட்டார்கள்.

*யாழ்ப்பாணத்திலிருந்து, சனி காலை*

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பக்கத்தில் குளிரில் கை விறைத்துப்போகும். பல் பிடுங்குமுன் விறைப்பு ஊசி போடுவார்கள். அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. உறைந்த பால் மறுபடி பாலாகாது. விறைத்த கை சற்று நேரத்தில் திரும்பிவிடும். மின்பொத்தானை அழுத்தியதும் மீண்டு வருகிற கணினிக்கு எது பொருத்தம்?

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நோய்க்குச் சொல் தேடும்போது நோயாளி சொல்லும் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த நூலகத்துப் பெண் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டீர்களா?

*விழுப்புரத்திலிருந்து, சனி நண்பகல்*

அக்கா, கேட்டேன். ‘நின்னுபோச்சு’ என்றார். எழுத்தில் ‘நின்றுவிட்டது’. ஆனால் கணினியை அணைத்தாலும் நின்றுவிட்டது என்றுதான் சொல்கிறோம். அதனால் அதைத் தலைப்பில் வைக்கத் தயக்கம்.

விறைத்தல் நல்ல சொல். எங்கள் ஊரில் அதைப் பிணத்துக்குச் சொல்வார்கள். ஏற்கெனவே பயந்திருப்பவர் கையில் அதைக் கொடுக்க மனமில்லை. கை கால் உணர்விழப்பதை நாங்கள் மரத்துப்போதல் என்போம். ஒரு செயலி மட்டும் பதில் தராமல் நிற்பதற்கு மரத்தல் சரிவருமா? உதறினால் திரும்பிவிடுகிற நிலைதானே அது?

*சென்னையிலிருந்து, சனி மாலை*

செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக இருப்பவன் எழுதுகிறேன். 2024 ஜூலையில் நாங்கள் ‘முடங்கின’ என்றுதான் எழுதினோம். போக்குவரத்து என்றால் ‘ஸ்தம்பித்தது’ என்போம். ஒரு வாசகரும் பொருள் புரியவில்லை என்று கடிதம் எழுதவில்லை. பஸ், டிக்கெட் போல ‘ஹேங்’கும் வந்துவிட்ட சொல். அதை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதால் யாருக்கு நன்மை?

உண்மையான சிக்கல் உங்கள் தலைப்பில் வேறிடத்தில் இருக்கிறது. ‘இற்றைப்படுத்தல்’. இற்றுப்போன கயிறு, இற்றுப்போன துணி என்றுதான் மக்கள் காதில் விழும். கணினியை இற்றுப்போகச் செய்யும் வேலை என்று நினைத்துவிடுவார்கள். நேராகப் ‘புதுப்பித்தல்’ என்று எழுதுங்கள்.

*மதுரையிலிருந்து, சனி இரவு*

தம்பி, இரண்டும் வேறு வேறு சொற்கள். அன்று அற்றையாகிறது, என்று எற்றையாகிறது. அதே வழியில் இன்று இற்றையாகிறது. தந்தையையும் மலையையும் இழந்த பாரி மகளிர், ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கி ‘இற்றைத் திங்கள்’ என்று வந்து நிற்கும்போது, அந்த ஒரு மாத இடைவெளியில் ஒரு நாடே போயிருக்கிறது. ‘இற்றைப் பறை கொள்வான்’ என்கிறாள் ஆண்டாள். நீங்கள் சொல்வது இறு என்ற வினை. ‘எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்’ என்று கம்பர் வில்லை முறித்தது அந்தச் சொல்லால்.

இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது இற்றைப்படுத்தல். புதுப்பித்தல் என்றால் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிப்பதா, கோயிலைப் புதுப்பிப்பதா? ஸ்தம்பித்தலும் வேண்டாம். தம்பனம் என்று தமிழாக்கினால் அட்டகர்மம் எனும் எட்டு மாந்திரிக வித்தைகளில் ஒன்றாகிவிடும். கணினிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பொருள்படும்.

*சென்னையிலிருந்து, சனி இரவு*

ஐயா, விளக்கம் மறுக்க முடியாதது. ஆனால் உறைந்த கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் புறநானூறு இருக்காது. பதினொன்றாம் பக்கம் மட்டும்தான் இருக்கும்.

*கோயம்புத்தூரிலிருந்து, ஞாயிறு காலை*

சென்னை நண்பர் தம்மை அறியாமலே ‘உறைந்த கணினி’ என்று எழுதிவிட்டார் என்பதைக் குழுமம் கவனிக்க வேண்டுகிறேன். தேடாமல் கைக்கு வந்த சொல் அது. என் வாக்கும் உறைதலுக்கே.

‘மரத்தல்’ பொருளால் சரி. ஆனால் ‘செயலி மரத்தால்’ என்று எழுதினால் மரத்தால் செய்த செயலி என்று படிக்கிறேன். துணைவினை சேர்த்து ‘மரத்துப்போனால்’ என்று எழுதினால் மட்டும் தப்பிக்கும்.

*விழுப்புரத்திலிருந்து, ஞாயிறு இரவு*

எல்லோருக்கும் நன்றி. பக்கத்தை முடித்துவிட்டேன். தலைப்பு: ‘இற்றைப்படுத்தலுக்குப் பின் கணினி உறைந்துவிட்டால்’. முதல் வரியில் ஒரே ஒருமுறை, ‘ஹேங் ஆகிவிட்டது என்று நாம் சொல்லும் நிலை’ என்று எழுதியிருக்கிறேன். அதன்பின் முழுவதும் உறைதல். ஒரு செயலி மட்டும் நின்றால் ‘பதில் தரவில்லை’ என்று வெறுமனே எழுதிவிட்டேன். மரத்துப்போதலை வைக்கத் துணிவு வரவில்லை. நீலத்திரைக்கு ‘விழுதல்’.

பக்கத்தின் முதல் படி, எதையும் அழுத்துமுன் வன்வட்டு விளக்கைப் பார்ப்பது. மின்னினால் அரை மணி நேரம் காத்திருக்கவும். இரண்டாவது கேப்ஸ் லாக். மூன்றாவது நான்கு விசைகள். மின்பொத்தான் நான்காவதாகத்தான் வருகிறது. திரும்பத் திரும்ப உறைந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மறுதொடக்கம் செய்து, கடைசியாக வந்த இற்றையை நீக்கும் வழியைப் படத்துடன் கொடுத்திருக்கிறேன்.

*யாழ்ப்பாணத்திலிருந்து, ஞாயிறு இரவு*

வாழ்த்துகள் தங்கச்சி. கையேட்டை எங்கள் பள்ளிக்கும் எடுத்துக்கொள்ள அனுமதி தாருங்கள். ஒரு மாற்றம் மட்டும் செய்வேன்: எங்கள் பதிப்பில் தலைப்பு ‘தன்னியக்க இற்றைப்படுத்தலுக்குப் பின் கணினி விறைத்துவிட்டால்’ என்றிருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அது பிணத்தை நினைவூட்டாது.

*மதுரையிலிருந்து, திங்கள் விடியற்காலை*

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒப்பவில்லை. மூன்று நாளாக என் கணினியின் முன்னால் அமர்ந்து, அந்தக் கோடு இமைப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோவை நண்பர் சொன்னபடி வேறு சாளரத்தைச் சொடுக்கியும் பார்த்தேன், நின்றது உண்மைதான். திரும்பி வந்து சொடுக்கியதும் மறுபடி இமைத்தது. இயங்கும் கணினியில் சொடுக்கினால் அது இமைக்காமல் இருந்ததை நான் காணவில்லை. ஆகவே சோதனையைத் திருத்தி எழுதலாம்: ‘சொடுக்கிய பின்னும் இமையாவிட்டால்’.

அச்சகம் எத்தனை மணிக்குத் திறக்கும் அம்மா?