சுக்கினிப் பிஞ்சு அழுகிடுது, என்ன செய்ய?

ஏற்காட்டுல வீட்டுக்குப் பின்னால 4 சுக்கினிச் செடி (வெள்ளரி மாதிரி நீளமா காய்க்கிற பூசணி வகை) வெச்சிருக்கேன். பூ அள்ளிக் கொட்டுது. பிஞ்சு மட்டும் விரல் நீளம் வந்ததும் நுனி மஞ்சளாகி அழுகிடுது. மாமியார் கண்ணேறுன்னு மிளகாய் கட்டிட்டாங்க! தண்ணி அதிகமோ?

பதில்: மகரந்தம் சேரலக்கா. பனிமூட்டத்துல தேனீ சரியா வராது. காலையில 8 மணிக்குள்ள ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சிட்டு, பெண் பூ நடுவுல தடவுங்க. பூவுக்கு அடியில குட்டிக் காய் இருந்தா அது பெண். பரங்கிக்கும் இதே கதைதான்.

பதில்: காய்ச்சா ஒரு சாணுக்கு மேல விடாதீங்க. சேலம் அஸ்தம்பட்டியில எங்க மாடித் தோட்டத்துல நான் 3 நாள் கவனிக்கல. முழங்கை நீளம், உள்ள விதை முத்திப்போச்சு. கத்தியால காம்போட அறுங்க, திருகினா தண்டு உடையும்.

கேட்டவர்: இன்னைக்கே தடவிட்டேன். மிச்ச ஆண் பூ பஜ்ஜியாயிடுச்சு. மிளகாயை மட்டும் அவிழ்க்கல, வீட்டுல சண்டை வேண்டாம்.