சூசன் ஸ்டெபிங் யார்? ஏன் யாரும் பேசுவதில்லை?

கேள்வி: இயற்பியலாளர்கள் எடிங்டன், ஜேம்ஸ் ஜீன்ஸ் பற்றித் தேடும்போது இந்தப் பெயர் தட்டுப்பட்டது. இயற்பியலாளரா, தத்துவக்காரரா?

பதில் 1: தத்துவம்தான். லண்டன் பெட்ஃபோர்டு கல்லூரியில் 1933இல் பேராசிரியர் ஆனார், பிரிட்டனில் தத்துவத்துக்கு முதல் பெண் பேராசிரியர். அணுக்களால் ஆன மரப்பலகை பெரும்பாலும் வெற்றிடம், அதில் கால் வைப்பது ஈக்கூட்டத்தின் மேல் கால் வைப்பது மாதிரி என்று எடிங்டன் பொதுமக்களுக்கு எழுதியிருந்தார் இல்லையா, அதை 1937இல் ஒரு புத்தகத்தில் பிரித்து மேய்ந்துவிட்டார். பலகையே திடமில்லை என்றால் 'திடம்' என்ற சொல்லுக்கு அப்புறம் என்ன அர்த்தம், பலகையையும் கல்லையும் பார்த்துத்தானே அந்தச் சொல்லையே கற்றோம் என்பது அவர் வாதம்.

கேள்வி கேட்டவர்: சரி, அப்படியென்றால் அறிவியலுக்கு எதிரியா?

பதில் 1: சேச்சே. அணுக் கொள்கையில் அவர் கைவைக்கவே இல்லை, அதைச் சொன்ன மொழியில்தான் தகராறு. 1939இல் சாதாரண வாசகர்களுக்காக, தெளிவாகச் சிந்திப்பது பற்றி மலிவு விலைப் புத்தகமும் எழுதினார். 1943இல் இறந்துவிட்டார்.

பதில் 2: இதேபோல் கண்டுகொள்ளப்படாத கிரேட்டே ஹெர்மனையும் தேடுங்கள். கணிதவியலாளர் எமி நோதரின் மாணவி. குவாண்டம் இயற்பியலுக்கு அடியில் நமக்குத் தெரியாத மறைந்த காரணிகள் இருக்க முடியாது என்ற கணிதவியலாளர் ஃபான் நாய்மனின் நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை 1935லேயே எழுதினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1966இல் இயற்பியலாளர் ஜான் பெல் அதையே சொன்ன பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.