கலைச்சொல்: கடதாசியின் ‘நாரோட்டம்’

அன்பின் குழுவினருக்கு,

புத்தகக் கட்டுச் சொற்பட்டியலில் ‘கிறெயின்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, அதாவது கடதாசியில் நார்கள் படுத்திருக்கும் பக்கத்துக்கு, ‘தானியத் திசை’ என்று ஏறியிருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். நெல்லும் குரக்கனும் கண்ணுக்குள் வரும் சொல்லை வைத்துக்கொண்டு, வீட்டில் பிள்ளைக்குப் புத்தகம் கட்ட நினைக்கும் ஒருவருக்குக் கடதாசி மடிக்கச் சொல்லிக்கொடுக்க முடியாது.

இந்தச் சொல்லின் தேவை எனக்குப் போன மாரியில்தான் விளங்கியது. மூன்று வயது மகளுக்கு ஒரு கதைப்புத்தகம் செய்தேன். கிணற்றடி ஆமை யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்குப் போகும் கதை. படம் கீறுவதற்கென்று தடித்த ஏ4 தாள் வாங்கி, நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவே மடித்தேன், 16 பக்கம். மூன்று துளை. நடுத்துளையால் உள்ளிருந்து வெளியே வந்து, மேல்துளையால் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே வந்து, திரும்ப நடுத்துளைக்குள் நுழைத்து, உள்ளே நீளமாகக் கிடக்கும் நூலின் இரு பக்கமும் நுனிகளை வைத்து முடிச்சுப் போட்டேன். புத்தக முதுகின் உயரத்தைப்போல இரண்டரை மடங்கு நூல் போதும். தையல் இன்றுவரை அசையவில்லை.

பிழைத்தது கடதாசி. மடிப்பு வெடித்து வெள்ளைப் பிசிர் கிளம்பிற்று. பக்கங்கள் திறந்தபடி கிடக்கவில்லை. கையெடுத்தால் எழும்பி மூடிக்கொண்டன. ஆமை ரயில் ஏறும் பக்கத்தை மகள் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தாள். கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டிய மட்டையும் ஒரு கிழமைக்குள் கூரை ஓடு மாதிரி வளைந்துபோனது. (பசை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் என்ற நச்சு உப்பைக் கலப்பது பழைய வழக்கம். எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளையின் புத்தகத்தில் அது கூடவே கூடாது.)

காரணம் இதுதான். ஆலையில் ஓடும் வலைமேல் கூழ் விழும்போது நார்களில் பெரும்பாலானவை வலை ஓடும் பக்கமாகவே படுத்துவிடுகின்றன. அந்தப் பக்கமாகக் கடதாசி இலகுவாக மடியும், நேராகக் கிழியும். குறுக்கே மடித்தால் முரண்டுபிடிக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அல்ல, அகலத்தில்தான் கூடுதலாக ஊதும். மாரிக்காலத்தில் மட்டை வளைவதன் சூட்சுமம் அதில் இருக்கிறது. ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடும். நடுவே மடித்த என் மடிப்பு அதற்குக் குறுக்கே விழுந்துவிட்டது. அதே ஏ4ஐ முதலில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் நாரும் முதுகும் ஒரே பக்கம் போகும். 105க்கு 148 மில்லிமீற்றர், சின்னக் கைக்கு அளவான புத்தகம். இரண்டு தாளிலேயே 16 பக்கம் கிடைக்கும். இரண்டாவது புத்தகத்தை அப்படித்தான் செய்தேன். விரித்து வைத்தால் விரித்தபடி கிடக்கிறது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘இழைத்திசை’ நல்லது என்று நம் குழுவிலுள்ள அக்கா எழுதியிருந்தார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசியும் நூலும் கையில் இருக்கிற வேலை இது. ‘இழைத்திசையில் தையுங்கள்’ என்றால் தையல் நூலைத்தான் நினைப்பார்கள். அதோடு எங்கள் பக்கம் இழைப்பது என்றால் பாயும் பெட்டியும்.

ஓலைச்சுவடிச் சொற்களிலிருந்து எடுக்கலாம் என்று குழுவிலுள்ள ஐயா சொன்னதை ஒரு நாள் முழுக்க யோசித்தேன். துளைக்குள் செருகும் நாராசம், கயிற்று நுனியின் கிளிமூக்கு, மேலும் கீழும் வைக்கும் சட்டம் எல்லாம் நம்மிடம் உண்டு. மடிப்புக்கு மட்டும் சொல் இல்லை. சுவடியை எவரும் மடித்துத் தைக்கவில்லையே. ஆனால் ஓலையை நீளவாட்டில் நகத்தால் கீறினால் நேரே வருமென்றும், குறுக்கே கிழிக்கப் போனால் கோணுமென்றும் இங்கே பனையடியில் வளர்ந்த பிள்ளைக்கும் தெரியும். கடதாசியில் தேடுவதும் அந்தக் குணத்தைத்தான்.

ஆகவே நான் முன்வைப்பது ‘நாரோட்டம்’. தசைநார், நார்ச்சத்து என்று நார் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நீரோட்டம், இரத்தவோட்டம் என்று ஓட்டமும் இருக்கிறது. கூழ் உண்மையிலேயே ஓடிவந்து படிந்த அடையாளம் அது என்பதால் ‘திசை’யைவிட ‘ஓட்டம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘நாரோட்டத்தோடு மடி’, ‘நாரோட்டத்துக்குக் குறுக்கே மடிக்காதே’ என்று வாயிலும் வருகிறது.

கிளைச்சொற்களில்தான் கவனம் வேண்டும். ‘நெடுநார்த் தாள்’ என்றால் நாரே நீளமானது என்று ஆகிவிடும். அது வேறு பண்பு. நீளவாட்டில் ஓடுவதை ‘நெட்டோட்டத் தாள்’ என்றும், அகலவாட்டில் ஓடுவதைக் ‘குறுக்கோட்டத் தாள்’ என்றும் வைக்கலாம். ‘நெட்டோட்டம்’ தனியே நின்றால் ஓட்டப்பந்தயம் நினைவுக்கு வரும், ஆகையால் ‘தாள்’ சேர்த்தே எழுதவேண்டும்.

மறுப்பு இருந்தால், ஒரு தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்தப் பக்கம் தாள் இலேசாக வளைகிறதோ, அந்தப் பக்கத்துக்கு உங்கள் வாயில் தானாக வரும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்றும் நிலுவையில் இருக்கிறது. தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடிக்கும்போது உள்தாளின் ஓரம் வெளித்தாளைவிட வெளியே நீளுமே, அதற்கு நான் ‘துருத்தல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். மனம் இன்னும் ஒப்பவில்லை.