ஜூலி: புதுப்பிப்பு

முன்பு எழுதியது ஞாபகம் இருக்கும்: 11 வயது நாட்டு நாய், தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டி, ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்), சோற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் வின்கிரிஸ்டின் என்ற கீமோ (புற்றுநோய் மருந்து) ஊசியும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் ஆரம்பித்தாச்சு. கட்டி நன்றாகவே வற்றியிருக்கிறது. முழுக் குணம் ஆகாது, கொஞ்ச காலம் நிம்மதியாக இருப்பாள், அவ்வளவுதான்.

சாப்பாடு: எலும்பு, தோல் நீக்கி வேகவைத்த கோழி, முட்டை, குழைந்த சாதம், கொஞ்சம் பரங்கிக்காய். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. வெதுவெதுப்பாக வைத்தால்தான் வாசனை எழும்புகிறது. முதலில் மூக்கு ஆடும், அப்புறம் வாய் திறக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை.

பச்சைக் கறி போடச் சொன்னவர்களுக்கு: கீமோவில் வெள்ளை அணு இறங்கும், அந்த நேரத்தில் கிருமியை நாமே ஊட்டுவானேன்? சாதத்தை அடியோடு நிறுத்தச் சொன்னதையும் டாக்டரிடம் கேட்டேன். எடை குறையாமல் பாருங்கள், அதுதான் முக்கியம் என்றார்.

மாத்திரையால் தாகமும் மூத்திரமும் தாறுமாறு. ராத்திரியும் வெளியே விட வேண்டியிருக்கிறது. ஊசி போட்ட முதல் சில நாட்கள் மூத்திரம், மலத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மூட்டுவலிக்கு வாங்கிய பழைய மெலாக்சிகாம் வீட்டில் இருந்தால் நாய்க்குக் கொடுக்கவே வேண்டாம். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் குடல் புண்ணாகலாம்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. அணுக்கள் சரியாக இருந்தால் அடுத்த ஊசி. பரங்கிக்காயை மட்டும் நக்கிவிட்டுத் தட்டிலேயே துப்புகிறாள், திமிர் பிடித்தவள்.