வெள்ளிக்கிழமைக்குள் தியரி கோர்ஸைக் கைவிடலாமா? (சோசியாலஜி பிஹெச்டி, முதல் வருடம்)

நடுக்கடல்:
அமெரிக்கா வந்து ஏழு மாதம் ஆகிறது. ஊரில் நாங்கள் எஸ்சி, குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். குறைந்த பிரதிநிதித்துவம் உள்ள மாணவர்களுக்கு என்று ஒரு ஃபெலோஷிப் இருந்தது, விண்ணப்பித்தேன், தகுதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. தியரி கட்டுரைக்கு பி மைனஸ். ஓரத்தில் மூன்று இடத்தில் "தெளிவில்லை" என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். செமினாரில் நான் மனசுக்குள் ஒரு வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அந்த ஒரு கோர்ஸை மட்டும் கைவிட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். யாராவது சொல்லுங்கள்.

பனிமாமா:
தம்பி, இதெல்லாம் ஒரு கஷ்டமா? நான் 2003-ல் வந்தபோது கான்வாஸ் ஷூவோடு பனியில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன், விரல் இருக்கிறதா என்று ஷூவைக் கழற்றிப் பார்த்தேன். நான் இன்ஜினியரிங். கோர்ஸை விடு, ஜிபிஏவைக் காப்பாற்று.

ஏழாவது வருடம்:
விடாதே. ஃபெலோஷிப் கிடைக்காதது உன் தப்பில்லை. இங்கே "குறைந்த பிரதிநிதித்துவம்" என்றால் பெரும்பாலும் கறுப்பர், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), பூர்வகுடிகள் என்றுதான் அர்த்தம். ஆசியர் என்று டிக் அடித்தால் கதை முடிந்தது, சாதிக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. பலவற்றுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேறு வேண்டும்.

வாய்க்கால்:
என் அனுபவத்தில் சாதியை டிபார்ட்மென்ட்டில் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது.

ஏழாவது வருடம்:
சொல்லாமல் இருந்தால் மட்டும்? பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லேயே பாகுபாட்டு விதிகளில் சாதியைச் சேர்த்துவிட்டது, கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022-ல் சேர்த்தது. உன் பல்கலைக்கழக விதியில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்.

வாய்க்கால்:
விதி இருந்து என்ன? சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கலிபோர்னியாவில் கொண்டுவந்த எஸ்பி 403 மசோதா சட்டசபையில் நிறைவேறியும் 2023 அக்டோபரில் கவர்னர் வீட்டோ செய்தார். பொங்கல் விழாவில் ஒருவர் தோளைத் தட்டிக்கொடுக்கிற சாக்கில் பூணூல் இருக்கிறதா என்று விரலால் தேடினார். "எந்தப் பக்கம் ஊர்?" என்பது அதற்கு அப்புறம்தான்.

பனிமாமா:
எல்லா விழாவும் அப்படி இல்லை.

வாய்க்கால்:
உங்களுக்கு இருக்காது.

நடுக்கடல்:
நான் தம்பி இல்லை, பெண். எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். மூன்று கோர்ஸ் எடுத்திருக்கிறேன், மொத்தம் ஒன்பது கிரெடிட். எங்கள் பல்கலைக்கழகத்தில் முழுநேரத்துக்கு அதுதான் கணக்கு.

சும்மா வந்தவள்:
இதை முதல் வரியிலேயே சொல்லக்கூடாதா! நீயாகப் போய் விட்டுவிடாதே. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி இல்லாமல் முழுநேரத்துக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும். ஆனால் வழி இருக்கிறது: ஆங்கிலமோ வாசிப்போ ஆரம்பத்தில் சிரமமாக இருந்தால், அல்லது இங்கே பாடம் நடத்தும் முறை பழகவில்லை என்றால், கோர்ஸைக் குறைக்க அனுமதி தரலாம். ஒரு பட்டத்துக்கு ஒரு தடவைதான், குறைந்தது பாதி கோர்ஸாவது இருக்க வேண்டும், அடுத்த செமஸ்டர் முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒரு தடவையை இதற்கே செலவழிப்பதா என்று யோசி. டீச்சிங் அசிஸ்டன்ட் (டிஏ) வேலைக்கு முழுநேரப் பதிவு வேண்டும் என்று ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா, ஸ்டைபெண்ட் எத்தனை வருடம், கோடையில் உண்டா, அதையும் படி. வெளியே பகுதிநேர வேலை தேடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

அதற்கு முன்னால், கட்டுரையை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் ஆஃபீஸ் நேரத்துக்குப் போ. "எந்தப் பத்தியில் என் வாதம் தொலைந்தது, திருத்தித் தரலாமா?" என்று கேள். பாதிப் பேர் கேட்பதே இல்லை. சீனியரிடம் போன வருடம் ஏ வாங்கிய கட்டுரையைக் கேட்டு வாங்கு, அதைப் பார்க்காமல் எனக்கு இரண்டு செமஸ்டர் ஓடிப்போனது. செமினாருக்கு ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போய் முதல் பத்து நிமிடத்துக்குள் வாசித்துவிடு, அப்புறம் பயம் குறையும். அட்வைசர் ஒருவரை மட்டும் நம்பாதே, இன்னொரு பேராசிரியரிடமும் மாதம் ஒரு தடவை பேசு.

நடுக்கடல்:
நாளை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் நேரம் கிடைத்திருக்கிறது அக்கா. பேராசிரியருக்கும் மெயில் போட்டுவிட்டேன். ஆஃபர் லெட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பனிமாமா:
சாரிம்மா. நல்ல ஷூ இருக்கிறதா?